பெயர் ஒன்று, செடி வேறு

ஐயா,

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் மூன்று வருடங்களுக்கு முன் 'பெர்ஷியன் லைலாக்' என்ற அட்டை தொங்கிய கன்றை வாங்கி நட்டேன். காஷ்மீரில் பார்த்த லைலாக் பூ இனி வீட்டிலேயே என்று ஆசை. வளர்ந்தது வேம்பின் சாயலில் ஒரு மரம். ஊதா பூவும் மணமும் நன்றாகத்தான் இருந்தன. அப்புறம் கொத்துக் கொத்தாக மஞ்சள் பழம். வேப்பம்பழம் என்று நினைத்துப் பேரன் வாயருகே கொண்டு போனபோது பிடுங்கிப் போட்டேன். அந்த மரத்தின் தாவரவியல் பெயர் மீலியா அசடராக். அதன் பழம் நஞ்சு.

உண்மையான லைலாக்கின் தாவரவியல் பெயர் சிரிங்கா. பால்கன் மலைப் பகுதிச் செடி, நம் மல்லிகையின் குடும்பம். குளிர்காலக் குளிர் இல்லாமல் சரியாகப் பூக்காது. செட்டிநாட்டு வெயிலில் வராது. ஆங்கிலத்தில் வேம்பையும் 'இந்தியன் லைலாக்' என்கிறார்கள், கிரேப் மிர்ட்டில் என்ற பூச்செடியையும் அப்படியே. தாவரங்களுக்குப் பெயரிட்ட அறிஞர் லின்னேயஸே 1753இல் வேம்பை மீலியா இனத்தில்தான் சேர்த்திருந்தார்.

நம்மிடமும் இந்தப் பெயர்க் குழப்பம் உண்டு. செவ்வரளி வேறு, மஞ்சள் அரளி வேறு. இரண்டும் நஞ்சு என்பது மட்டும் பொது.

நாற்றங்கால்காரர்கள் அட்டையில் தாவரவியல் பெயரையும் தமிழ் எழுத்தில் எழுத வேண்டும். நஞ்சுள்ளதென்றால் அதைச் சிவப்பில் எழுதட்டும். தோட்டக்கலைத் துறை இதைக் கட்டாயமாக்க வேண்டுகிறேன்.

– ஒரு வாசகி, கானாடுகாத்தான்