இடது கையால் எழுதிய கடிதம்

அன்புள்ள கோமதி,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே. இரண்டு வாரத்துக்கு முன்பு கொல்லையில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். வீட்டு வேலை எதுவும் ஓடவில்லை, படிப்புதான் ஓடுகிறது. "சாகப்போகிற சாமிகளின் கதையில் உனக்கு அப்படி என்னடி இருக்கிறது?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். நான் படிப்பது ஐஸ்லாந்து, நார்வே பக்கத்துப் பழைய சாமிகளின் கதை; உலகம் முடியும்போது அந்தச் சாமிகளும் செத்துப்போவார்கள். அதில் ஒரே ஒரு கதை சொல்கிறேன், கேள்.

தேவர்களோடு இருந்துகொண்டே அவர்களுக்கு வம்பு செய்கிறவன் லோகி. அவனுக்குப் பிறந்த ஓநாய் ஃபென்ரிர். தேவர்கள் வீட்டில்தான் வளர்ந்தது. பக்கத்தில் போய் இரை போடும் துணிச்சல் டீர் என்ற தேவன் ஒருவனுக்குத்தான் இருந்தது. இந்த ஓநாயால் நமக்குக் கேடு என்று குறி சொல்லியிருந்ததால் அதைக் கட்டிப்போட முடிவெடுத்தார்கள். இரண்டு சங்கிலிகளை அறுத்தெறிந்துவிட்டது. மூன்றாவதைக் குள்ளர்களிடம் சொல்லிச் செய்துவந்தார்கள். பூனையின் காலடிச் சத்தம், பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் ஆகிய ஆறும் சேர்த்துச் செய்த கயிறு. பட்டு நாடா போல வழுவழுவென்று இருந்ததாம்.

ஓநாய்க்குச் சந்தேகம். "என்னால் அறுக்க முடியாவிட்டால் அவிழ்த்துவிடுவோம் என்கிறீர்களே, அது நிஜமென்றால் ஒருவர் என் வாயில் கை வையுங்கள்" என்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டீர்தான் வலது கையை நீட்டினான். ஓநாய் திமிறத் திமிறக் கயிறு இறுகியது. எல்லோரும் சிரித்தார்கள், டீரைத் தவிர. அவன் கை போய்விட்டது.

அன்று அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து சொன்ன பொய்க்கு இவன் ஒருவன் கை கொடுத்தான், தெரிந்தே கொடுத்தான். இரை போட்ட அதே கை என்று கதையில் இல்லை. எனக்கு அப்படித்தான் படுகிறது.

இதை எழுதிவைத்த ஐஸ்லாந்துக் கவிஞர் ஸ்நோரி ஸ்துர்லுசன் கிறிஸ்தவர். ஐஸ்லாந்து மதம் மாறி இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1220 வாக்கில், பழைய பாட்டுகளின் பொருள் இளம் கவிஞர்களுக்குப் புரியாமல் போகக்கூடாதே என்று எழுதினார். அவர் கும்பிட்ட சாமிகள் இல்லை இவை. 1241இல் ரெய்க்ஹோல்டில் அவர் வீட்டு நிலவறையிலேயே அவரைக் கொன்றார்கள்.

அந்தப் பாட்டுகளில் பல, கன்றுத்தோலில் எழுதிய 45 ஏடுகளில் கிடைத்திருக்கின்றன. கையில் அடங்கும் சின்னச் சுவடிதான். 1662இல் டென்மார்க் அரசருக்குப் போனது, 1971 ஏப்ரல் 21 அன்றுதான் கப்பலேறி ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக் திரும்பியது. துறைமுகத்தில் பெருங்கூட்டம் காத்து நின்றதாம். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதில் ஒரு பாட்டில், விருந்து நடக்கும் இடத்தில் லோகி டீரின் போன கையைச் சொல்லிக் குத்திக்காட்டுகிறான். டீர் சொல்கிற பதில் இதுதான்: எனக்குக் கை இல்லை, உனக்கு ஓநாய் இல்லை, இருவருக்கும் வேதனைதான், உலகம் முடியும்வரை கட்டிலேயே கிடக்கவேண்டிய அந்த ஓநாய்க்கும் சுகமில்லை.

தன் கையைக் கடித்த ஓநாயைப் பற்றித்தான் அப்படிச் சொல்கிறான், கோமதி. நீ கேட்டாயே, இதுதான் எனக்கு அதில் இருக்கிறது.

உன் மருமகளுக்கு இது எத்தனையாவது மாதம்? வளைகாப்புக்கு நாள் பார்த்ததும் எழுது. வரும் வெள்ளிக்கிழமை எனக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள்.

அன்புடன்,
வசந்தா