செவ்வாயும் வெள்ளியும் லீவு கேட்கும் ஆளுக்கு வேலை கொடுங்கள்

சிங்கப்பூரில் உணவகம், கேட்டரிங், மளிகைக்கடை, லாரி, பட்டறை என்று ஏதாவது ஒரு தொழிலை நடத்திக்கொண்டிருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். சிறையிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு நாம் வேலை கொடுப்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நானும் உங்களில் ஒருத்திதான். பன்னிரண்டு வருஷமாகக் கேட்டரிங் நடத்துகிறேன். ஒரு சமையல்கூடம், ஒரு வேன், எட்டுப் பேர். கடைப் பெயரை இங்கே எழுதினால் விளம்பரம் ஆகிவிடும், அதனால் விட்டுவிடுகிறேன்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் வேலை கேட்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஆட்டிறைச்சி வெட்டுவதில் கைதேர்ந்தவர். ஒரே வெட்டு, எலும்புத் துணுக்கு தெறிக்காது. பிரியாணியில் எலும்புத் துணுக்கு பல்லில் பட்டு விருந்தாளியிடம் பேச்சு வாங்கியவர்களுக்கு அந்தக் கையின் அருமை தெரியும். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் இரண்டு மணி நேரம் வெளியே போகணும் என்றார். என்ன விஷயம் என்று கேட்டேன். “ஒரு அப்பாயின்ட்மென்ட்மா” என்றார், அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை நமக்கு எப்படிப்பட்ட நாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சனி, ஞாயிறு விசேஷத்துக்கெல்லாம் அன்றைக்குத்தான் வெட்டி, அரைத்து, மசாலா தடவி வைக்கணும். மூன்றாவது வாரம், “எனக்கு முழுநாள் ஆள்தான் வேணும் அண்ணே” என்று சொல்லிக் கணக்கை முடித்துவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தியைக் கழுவித் துடைத்து, வழக்கமாக வைக்கும் இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் எங்கே போய்வந்தார் என்பது என் தம்பி உள்ளே போய் வெளியே வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. போதைப்பொருள் வழக்கில் வெளியே வந்தவர்கள் குறித்த நாளில் போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை கொடுக்கணும். போகாவிட்டால் அதுவே தனிக் குற்றம். 2019ல் சட்டம் மாறிய பிறகு இந்த மேற்பார்வை ஐந்து ஆண்டு வரை நீள்கிறது. நான் லீவு கொடுக்காமல் இருந்தால் அந்த மனிதர் மறுபடி உள்ளே போயிருப்பார். போய்வந்ததால் வேலை போயிற்று. இரண்டு பக்கமும் இடி.

இந்தக் கடிதத்தைச் சிறைத்துறைக்கு எழுதலாம், அமைச்சுக்கு எழுதலாம். அவர்கள் ஒன்றும் செய்யாமல் இல்லை. உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம், வெளியே வந்தவனை ஒரு நாளில் எட்டு, பத்து மணி நேரம் பார்க்கப்போவது நாம்தான். அதிகாரி பார்ப்பது மாதத்தில் சில முறை. வீட்டார் பார்ப்பதுகூட ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில்தான்.

தம்பிக்கு ஐந்து ஆண்டுத் தண்டனை. மூன்றில் இரண்டு பங்கை உள்ளே கழித்தான். மீதி ஒரு பங்கு வெளியே, நிபந்தனையோடு. 2014ல் வந்த ஏற்பாடு இது. அந்த மிச்சக் காலத்தில் மறுபடி குற்றம் செய்து சிறைத்தண்டனை கிடைத்தால், விட்டுவைத்த நாளையும் சேர்த்து அனுபவிக்க வேண்டி வரும். முதலில் சிறைக்கும் வீட்டுக்கும் நடுவே தங்கவைக்கும் இடைநிலை இல்லம், அப்புறம் காலில் மின்னணுப் பட்டையோடு வீடு, அதற்கும் அப்புறம் பட்டை இல்லாமல் மேற்பார்வை. படிப்படியாகத்தான் விடுவார்கள். வேலை இருக்கிறதா, என்ன நேரம், யார் முதலாளி என்பதெல்லாம் அவனுடைய அதிகாரிக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், கையில் ரொக்கமாகக் கொடுத்துக் கணக்கில் காட்டாமல் வைத்துக்கொள்வது அவனுக்குச் செய்யும் உதவியே இல்லை. சம்பளச் சீட்டும் மத்திய சேம நிதிச் சந்தாவும்தான் அவன் ஒழுங்காக இருக்கிறான் என்பதற்குச் சாட்சி.

வெளியே வந்த முதல் வாரம் அவனைத் தேக்காவுக்குக் கூட்டிப்போனேன். காப்பி குடிக்கலாம் என்று உட்கார்ந்தோம். நானே வாங்கிவருகிறேன் அக்கா என்று எழுந்து போனான். வெகுநேரம் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால், ஆர்டர் கொடுக்கும் திரைக்கு முன்னால் நிற்கிறான், பின்னால் நாலு பேர். கையில் பத்து வெள்ளித் தாள். அதைப் போடுவதற்குத் திரையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தான். அரசாங்கத்தின் மின் அடையாளச் செயலியான சிங்பாஸைத் திறந்து முகத்தைக் காட்டச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் உள்ளே போனபோது அவனிடம் இருந்த தொலைபேசி எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. பழைய எண்ணுக்கு வரும் ரகசிய எண் இவனுக்கு வராது. வங்கிக் கணக்கைத் திறக்க, முகவரி மாற்ற, எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் வாசல். இந்தச் சில்லறைச் சிக்கல்கள் ஒவ்வொன்றும் அரை நாள் தின்னும். முதல் மாதம் இரண்டு அரை நாள் விட்டுக்கொடுத்தால் நம் கடை மூழ்கிவிடாது.

லிட்டில் இந்தியா கடைக்காரர் சங்கமான லிஷாவின் கூட்டமானாலும் தொழிற்சபை விருந்தானாலும் நாம் கூடினால் பேசுவது ஒன்றே ஒன்றுதான்: ஆள் கிடைக்கவில்லை. வெளிநாட்டு ஆளுக்கு லேவி கட்ட முடியவில்லை, அவர்களை எடுக்கக் கோட்டா போதவில்லை. உள்ளூர் ஆள் ஒருவருக்கு முழுச் சம்பளம் கொடுத்தால்தான் அவர் கோட்டா கணக்கில் ஒரு ஆளாகச் சேர்வார். 2024 ஜூலையில் அந்தச் சம்பளம் 1,600 வெள்ளி ஆனது. உள்ளூர் ஆள் யாரும் அடுப்படிக்கு வரமாட்டேன் என்கிறார்கள் என்று நாம் புலம்பிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், சாங்கிச் சிறையில் சமையல்கூடத்திலும் பேக்கரியிலும் சலவைக்கூடத்திலும் வேலை பழகிய உள்ளூர் ஆட்கள் விடுதலை நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். விடியற்காலையில் எழுவது அவர்களுக்குப் புதிது இல்லை. சூட்டில் நிற்பதும் புதிது இல்லை.

சிறைக்குள்ளேயே போய் நேர்முகம் நடத்தலாம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது, தம்பி சொல்லித்தான் தெரிந்தது. முன்னாள் கைதிகளின் மறுவாழ்வுக்கு உதவும் மஞ்சள் ரிப்பன் சிங்கப்பூர் அமைப்பு அதை ஏற்பாடு செய்கிறது. 1976ல் சிறைத் தொழிற்கூடங்களை நடத்தத் தொடங்கிய நிறுவனம்தான் 2020ல் இந்தப் பெயருக்கு மாறியது. ரிப்பனை நமக்கு நன்றாகவே தெரியும். 2004ல் சட்டையில் குத்திக்கொண்டோம். 2009லிருந்து ஆண்டுதோறும் நடக்கும் ஓட்டத்தில் ஓடி டீசட்டை வாங்கினோம்; என் வீட்டிலேயே இரண்டு டீசட்டை கிடக்கிறது, ஒன்றை வேன் துடைக்க வைத்திருக்கிறேன். ஆனால் அதே ஆட்களைக் கூப்பிட்டு, “எனக்கு ஒரு சமையல் உதவியாள் வேணும், உள்ளே யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆள் உள்ளே இருக்கும்போதே பேசி முடிப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. விடுதலைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ‘இன்ன தேதியில் இன்ன இடத்தில் வேலை’ என்று தெரிந்தவன் வெளியே வந்தபின் பழைய கூட்டாளியைத் தேடமாட்டான் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. ஆனால் ஒன்றும் இல்லாமல் வருகிறவனுக்குப் அடுக்குமாடி புளோக்கின் கீழே உட்காருவதைத் தவிர வேறு எங்கே போக்கிடம்? பழைய கூட்டாளி அங்கேதான் இருப்பான்.

நம் கடைகளில் வேலை விண்ணப்பப் படிவம் என்று ஒன்று கிடையாது. ‘குற்றப் பதிவு உண்டா?’ என்ற கேள்வியை அரசாங்கச் சேவை தன் படிவத்திலிருந்து 2017லேயே எடுத்துவிட்டது. நமக்கு எடுக்க ஒன்றும் இல்லை. நாம் கேட்பது வேறு கேள்வி: “யார் சொல்லி வந்தீங்க?” அந்தக் கேள்வி எந்தப் படிவத்தையும்விடக் கறாரானது. மாமா சொன்னார், பக்கத்துக் கடைக்காரர் சொன்னார் என்றால் உள்ளே வா. சொல்ல ஆளில்லாதவனுக்கு வாசலோடு சரி. சிறையிலிருந்து வருகிறவனுக்கு மாமா பேசுவதையே நிறுத்தி வருஷக்கணக்காகியிருக்கும். இந்து அறக்கட்டளை வாரியத்தின் ஆசிரமம் மாதிரியான இடைநிலை இல்லத்திலிருந்தோ, மஞ்சள் ரிப்பனிலிருந்தோ ஒருவர் கூப்பிட்டால், அவரைத்தான் அந்த மாமாவாக நினைத்துக்கொள்ளணும்.

மறைத்துப் பேசுவதில் பயனில்லை: மக்கள்தொகையில் நாம் இந்தியர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, போதைப்பொருள் வழக்கில் கைதாகிறவர்களில் நம் பங்கு அதைவிட அதிகம். கல்யாண வீட்டில் இதைப் பேசமாட்டோம். என் தம்பி எங்கே என்று கேட்டவர்களிடம் மூன்று வருஷம், “பாத்தாமில் வேலை” என்று நானே சொல்லியிருக்கிறேன். பக்கத்து இந்தோனேசியத் தீவான பாத்தாமில் அத்தனை வேலை இருக்கிறது என்று யாரும் நம்பவில்லை, இருந்தாலும் தலையாட்டினார்கள்.

இப்போது ஒரு கணக்கு. 1998ல் விடுதலையானவர்களில் 44 விழுக்காட்டினர் இரண்டு வருஷத்துக்குள் மறுபடி உள்ளே போனார்கள். அது இறங்கி இறங்கி, அண்மை ஆண்டுகளில் ஐந்தில் ஒருவர் என்ற அளவில் நிற்கிறது. பெரிய சாதனைதான். ஆனால் ஐந்து வருஷத்தை வைத்துப் பார்த்தால் பத்தில் ஏறக்குறைய நாலு பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். அதாவது விழுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் விழுவது மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது வருஷத்தில். எல்லாரும் ‘இனி பயமில்லை, பையன் தேறிவிட்டான்’ என்று கையை எடுக்கும் நேரத்தில். முன்னாள் கைதியை வேலைக்கு வைப்பவருக்கு அரசு 2023லிருந்து சம்பளத்தில் 20 விழுக்காடு, மாதத்துக்கு 600 வெள்ளி வரை, ஒன்பது மாதம் திருப்பித் தருகிறது. நான் வாங்கினேன், வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்பதாவது மாதம் முடிந்ததும் அந்த ஆளை மாற்றி இன்னொருவரை எடுக்கலாமே என்று கணக்குப் போடுகிற முதலாளியை எனக்குத் தெரியும். அப்படிச் செய்கிறவர் தயவுசெய்து இந்தப் பக்கமே வராமல் இருந்தால் நல்லது.

சம்பளமும் அப்படித்தான். வேறு எங்கே போவான் என்று நூறு, இருநூறு குறைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு எவ்வளவு என்பது ஒரே வாரத்தில் அவனுக்குத் தெரிந்துவிடும். உங்கள் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லமாட்டான்.

தம்பி என் கடையில்தான் வேலை செய்கிறான். அவன் சிறையிலிருந்து வந்ததைக் கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பதில் நானே தடுமாறினேன். கடைசியில் தம்பியிடமே விட்டுவிட்டேன். நாலாவது மாதம் ஒரு ராத்திரி, சட்டி கழுவும்போது அவனாகவே சொன்னான். சொன்னவுடன் ஒருவர், “என்ன கேஸ்?” என்று சுவாரசியமாக ஆரம்பித்தார். எங்கள் மூத்த சமையல்காரர் அடுப்புப் பக்கத்திலிருந்து திரும்பாமலேயே, “அந்தச் சட்டியை முதல்ல கழுவு” என்றார். அத்தோடு முடிந்தது. இன்னொன்றும் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. பெரிய விசேஷம் முடிந்தால் பசங்களுக்கு பீர் வாங்கிக் கொடுப்பது என் வழக்கம். இப்போது கோழி வறுவலும் ஐஸ் மைலோவும். முணுமுணுத்தார்கள், மைலோ பக்கெட்டும் காலியாகிறது.

தினமும் வேலை முடிந்ததும் தம்பி கத்தியை எண்ணுவான். ஏழு கத்தி, இரண்டு வெட்டுக்கத்தி, நாலு தோல்சீவி. உள்ளே கருவிகள் எல்லாம் கணக்கு. ஒன்று குறைந்தாலும் யாரும் நகர முடியாது. முதலில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். அப்புறம் அவன் கரண்டியையும் எண்ண ஆரம்பித்தான். கேட்டரிங் செய்கிறவர்களுக்குத் தெரியும், கல்யாண மண்டபத்தில் மாதம் நாலு கரண்டியாவது காணாமல் போகும், யாரையும் கேட்க முடியாது. இரண்டு வருஷமாக நான் புதுக் கரண்டி வாங்கவில்லை. போன மாதம் ராத்திரி ஒரு மணிக்கு, சாம்பார் கரண்டி ஒன்று குறைகிறது என்று வேனை ஈசூனிலிருந்து திருப்பச் சொல்லிவிட்டான். ஓட்டுநருக்குக் கோபம், எனக்கும் கோபம். கரண்டி மண்டபத்துச் சலவைத் தொட்டிக்குள் கிடந்தது.

சிறிய தண்டனை பெற்றவர்களுக்கு ஒரு வழி உண்டு. மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறை, அல்லது 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதம், அதற்கு அப்புறம் ஐந்து வருஷம் குற்றமில்லாமல் இருந்தால் பதிவு காலாவதியாகிவிடும். குற்றப் பதிவு இல்லை என்று அவர் சொல்லலாம். தம்பிக்கு அந்த வழி இல்லை. அவன் எந்தப் படிவத்தில் எழுதினாலும் ‘ஆம்’ என்றுதான் எழுதணும். அதைப் படித்துவிட்டும் அவனை உள்ளே கூப்பிடுகிற முதலாளி ஒருவர், அக்காவைத் தவிர, எங்கேயாவது இருக்கணும். அவனும் எத்தனை நாளைக்கு அக்கா கடையிலேயே இருப்பான்? அவனுக்கே அது பிடிக்கவில்லை.

கடைசியாக ஒரு சொந்த வேண்டுகோள். அந்த ஆட்டிறைச்சி வெட்டும் அண்ணனைத் தேடினேன். பழைய எண் வேலை செய்யவில்லை. இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, பேசும்போது தலையைக் கொஞ்சம் சாய்ப்பார். உங்கள் கடைக்கு வேலை கேட்டு வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இடமில்லை என்றால், அந்தக் கேட்டரிங் அக்கா வரச்சொன்னாங்க என்று சொல்லுங்கள். செவ்வாயும் வெள்ளியும் போகணும் என்றால் போய்வரட்டும். வெள்ளிக்கிழமை வெட்டு வேலையை நான் வியாழனுக்கு மாற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்களைப் போல் ஒரு கடைக்காரி