சபா காட்டுக்கு எங்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு

மலேசியத் தீபகற்பத்திலிருந்து தமிழ்க் குடும்பங்களைப் போர்னியோ தீவிலுள்ள சபாவுக்கு அழைத்துச் செல்லும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களே, வணக்கம்.

போன வருடம் கினபாலு பூங்காவின் சீலாவ் சீலாவ் பாதையில் உங்களில் ஒருவர் எங்கள் குழுவை அவசரமாக நடத்திக்கொண்டு போனார். நான் மட்டும் ஒரு மரத்தருகே நின்றுவிட்டேன். அடிமரம் முழுக்கப் பாசி. அந்தப் பாசியில் ஒரு துண்டு நகர்ந்தது. உற்றுப் பார்த்தால் அணில்! உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உடம்பு, காதைவிட நீளமாக வெள்ளை மயிர்க்குச்சம். தலைகீழாக ஒட்டிக்கொண்டு, மரப்பட்டையைப் பல்லால் சுரண்டி, கொஞ்சம் மென்று, பிறகு நான்கு விரற்கடை தள்ளிப்போய் மறுபடி சுரண்டியது. "அணில் குட்டிங்க அது. வாங்க, பஸ் காத்திருக்கு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அணில் மரத்தைச் சுற்றி மறுபக்கம் போய்விட்டது.

அது குட்டி இல்லை ஐயா, குட்டை அணில் என்ற தனி வகை. முழுதாக வளர்ந்ததே அவ்வளவுதான். 1888இல் கினபாலு மலையேறிய ஆங்கிலேயர் ஜான் வைட்ஹெட்டின் பெயர்தான் அதன் அறிவியல் பெயரில் இருக்கிறது. போர்னியோவைத் தவிர வேறெங்கும் அதைப் பார்க்க முடியாது.

தாழ்நிலக் காடுகளில் இதைவிடச் சின்னது ஒன்று உண்டு. எடை சுமார் 17 கிராம். மூன்று 50 சென் காசைக் கையில் வைத்தால் அவ்வளவுதான். காதில் குச்சமும் இல்லை, ராமர் தடவிய கோடும் இல்லை; வெறும் பழுப்பு. அதனால்தானோ என்னவோ யாரும் அதற்காகக் கேமராவைத் தூக்குவதில்லை.

பழமும் கொட்டையும் தேடி அலையாமல் மரப்பட்டையைச் சுரண்டியே பெரும்பாலும் காலம் தள்ளுகிற அணில்கள் இவை. பட்டையில் கிடைப்பது சொற்பம், அதுவும் இங்கொன்றும் அங்கொன்றுமாக. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள மலையணிலுக்கு அது எந்த மூலைக்கு? சின்ன வயிற்றுக்குத்தான் கட்டுப்படியாகும். மத்திய ஆப்பிரிக்காவின் காபோன், கேமரூன் காடுகளிலும், அமேசானிலும் இதே பிழைப்பு நடத்தும் குட்டை அணில்கள் உண்டு. இந்த மூன்று இடத்து அணில்களும் நெருங்கிய சொந்தம்கூட இல்லை. வெவ்வேறு கிளையில் பிறந்து, தனித்தனியே சிறுத்துப்போனவை.

உங்கள் பயண நிரலில் செப்பிலோக் ஒராங் ஊத்தான் மையம் இருக்கிறது, கினபாத்தாங்கான் ஆற்றுப் படகுச் சவாரி இருக்கிறது. நல்லது, இருக்கட்டும். நான் கேட்பது ஒரு மரத்தடியும் இருபது நிமிடமும். டிக்கெட் வேண்டாம், படகு வேண்டாம், உங்களுக்கு ஒரு சென் செலவில்லை. நினைவுப்பொருள் கடையில் நிற்கிற நேரத்தில் பாதியைக் கொடுத்தால் போதும். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, தலைக்கு மேலே கிளைகளைப் பார்க்காமல் அடிமரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். அப்புறம், தயவுசெய்து அதைக் குட்டி என்று சொல்லாதீர்கள்.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு மறுபடி பெயர் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை அம்மாவும் வருகிறார். முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடப்பார். நாங்கள் இருவரும் அந்தப் பாசி மரத்தடியில் இருப்போம். ஹாரன் அடிக்க வேண்டாம், ஓர் ஆளை அனுப்பிக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பஸ்ஸில் கடைசியாக ஏறியவன்