காலணித் தொழிற்சாலைகளில் ஆள் தேர்வு செய்யும் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத் தோல் நிறுவனங்களின் மனிதவள அலுவலர்களுக்கு, வணக்கம்.

பேரணாம்பட்டில், காலணியின் மேற்பகுதியான அப்பரைத் தைத்துக் கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் ஆறு ஆண்டுகளாகச் செக்கிங் பிரிவில் வேலை செய்து வருகிறேன். சென்ற மாதம் இராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலையிலிருந்து, தரக் கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர் பணிக்கான நேர்காணலுக்கு என்னை அழைத்திருந்தார்கள். அந்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அன்று உடன் காத்திருந்தவர்கள் தத்தம் அனுபவங்களைச் சொன்னபோது, இது ஓரிடத்துக் குறை அன்று என்று தெரிந்ததால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். விடியுமுன் கிளம்பி, குடியாத்தம் வழியாக வேலூர் வந்து, அங்கே பேருந்து மாறி முத்துக்கடையில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து ஒன்பதரை மணிக்கே கேட்டில் கையெழுத்துப் போட்டேன். செக்யூரிட்டி அறையை ஒட்டிய தகரக் கொட்டகையில் பதினொரு பேர் இருந்தோம், நாற்காலிகள் ஆறு. கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு ஆம்பூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண், நண்பகலுக்குப் பிறகு பால் கட்டிக்கொண்ட வலியில் முந்தானையை இறுகப் பற்றியபடி சுவரோரம் நின்றிருந்தார். எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்கக்கூட அவருக்குத் தயக்கம், கேட்டால் வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று. மூன்று மணி வரை எவரும் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் நேர்காணல் ஐந்து நிமிடங்களில் முடிந்தது. கல்யாணம் ஆகிவிட்டதா, ஆகவில்லையென்றால் எப்போது, ஆனபின் வேலையை விட்டுவிடுவீர்களா என்ற கேள்விகளிலேயே அந்த நேரம் கழிந்தது. மேசைமேல் காகிதங்கள் பறக்காமலிருக்க ஒரு கறுப்பு அப்பரை வைத்திருந்தார்கள். அதன் பக்கவாட்டுத் துண்டில் லூஸ் கிரெயின், அதாவது தோலின் மேலடுக்கு இறுக்கமில்லாமல் தளர்ந்திருக்கும் குறை, இருப்பது உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. உள்பக்கமாக மடக்கிப் பார்த்தால் மெல்லிய கோடுகளுக்குப் பதிலாகத் தடித்த சுருக்கம் விழும், வயிற்றுப் பகுதித் தோலை வெட்டியிருப்பார்கள். அதை என் கையில் கொடுத்து, இதை பாஸ் செய்வீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் என் ஆறு ஆண்டு வேலையை அவர்கள் அறிந்திருக்கலாம். வேலையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

திரும்பும்போது டைம் ஆபீஸில் இருந்த பெரியவர் ஒருவர் மனம் பொறுக்காமல் சொன்னார்: "அந்த இடத்துக்குப் போன வாரமே உள்ளேயிருந்து ஆள் போட்டுட்டாங்கம்மா."

பெண் என்பதற்காக ஆள் எடுப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொன்னது. 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதையே சொல்கிறது. தையல் பிரிவுகளில் வரிசை வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் இந்தத் தொழிலில், மேற்பார்வையாளர் பதவி என்று வந்தவுடன் மட்டும் எங்கள் கல்யாணம் ஏன் தகுதிக் கேள்வியாகிறது என்பதை நீங்கள் உங்களுக்குள் பேசிப் பார்க்க வேண்டும்.

அன்று எனக்கு ஒரு நாள் சம்பளம் போயிற்று. போக்குவரத்துச் செலவு தனி. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும், வேலை தேடி அலையும் எங்களுக்கு இந்த வட ஆற்காட்டுப் பகுதி முழுவதும் ஒரே ஊர்தான். திருப்பத்தூரிலிருந்தும் இராணிப்பேட்டைக்கு வருகிறோம். ஆகவே, இடம் நிரம்பிவிட்டால் முந்தின நாளே ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். பதினொரு பேரையும் பத்து மணிக்கே வரவழைக்காமல் ஆளுக்கொரு நேரம் கொடுங்கள். தேர்வாகாதவர்களுக்கும் "இல்லை" என்று சொல்லிவிடுங்கள். பெரியவர் சொன்னதைக் கேட்ட பிறகும், நேர்காணல் முடிவில் சொன்ன "கூப்பிடுகிறோம்" என்ற சொல்லை நம்பி வேறு இடத்துக்கு விண்ணப்பிக்காமல் மூன்று வாரம் காத்திருந்தேன், மூன்று முறை போன் செய்தும் எவரும் எடுக்கவில்லை.

மேற்பார்வையாளர் பணிக்கு இனியும் விண்ணப்பிப்பேன். அடுத்த முறை உங்களில் யார் எதிரே அமர்ந்தாலும், முதலில் ஒரு அப்பரை என் கையில் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பேரணாம்பட்டிலிருந்து ஒரு செக்கிங் பணியாளர்