பகல் 12 மணிக்கே 9,000 ஸ்டெப்

அன்புள்ள சங்கருக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகம். போனில் பேசினால் "சரிம்மா, வைக்கட்டுமா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதிப் பார்சலுக்குள் போடுகிறேன். முறுக்கை எடுக்கிற கை இதையும் எடுக்கும்தானே.

கோமதிக்கு நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். தொப்பை போன இடம் தெரியவில்லை. அத்தான்கூட "மாப்பிள்ளை சினிமாவில் நடிக்கப் போறானா" என்று கேட்டாராம். எனக்குப் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆம்பிளைக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது முறைத்தவன் நீ. இப்போது நீயாகவே குறைத்துக் காட்டிவிட்டாய். ஆனால் கழுத்தெலும்பு அப்படித் துருத்திக்கொண்டு தெரியவேண்டுமா? கண்ணுக்குக் கீழே என்ன அவ்வளவு கறுப்பு? கேட்டால் "இப்போ நேரம் கிடைக்குதும்மா, அதான் எக்சர்சைஸ் பண்றேன்" என்கிறாய். சாப்பிடவே நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை. சரி, நேரம் கிடைத்தால் நல்லதுதான்.

நீ வாங்கித் தந்த வாட்சைக் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுகிறேன். அதற்குக் கையை வீசினால்தான் நடை என்று தெரிகிறது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனைக் குழாயிலிருந்து வந்தால் பாதிகூட ஏறுவதில்லை. அந்தக் கை குடத்தை அணைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறதே, அதற்கு என்ன தெரியும். வெண்கலப் பானையைப் புளி போட்டுத் தேய்த்தால் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே நடந்ததாக எழுதிக்கொள்கிறது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நீ என்னை அதட்டுகிறாய். தினமும் 10,000 ஸ்டெப் நடக்கவேண்டும் என்று வைத்தியன் யாரும் சொல்லவில்லையாம். 1965-ல் ஜப்பானில் அடி எண்ணுகிற கருவியை விற்க வந்தவர்கள் கிளப்பிவிட்ட எண் அது என்று கோமதி மகள் படித்துக் காட்டினாள். 2019-ல் ஹார்வர்டுக்காரர்கள் 16,000-க்கும் மேற்பட்ட வயதான பெண்களைக் கவனித்ததில், நாளுக்கு 4,400 ஸ்டெப் நடந்தவர்களுக்கே 2,700 நடந்தவர்களைவிட ஆயுசு கெட்டியாக இருந்ததாம். 7,500-க்கு மேல் நடந்து கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லையாம். எனக்கு 4,400 தினமும் வந்துவிடுகிறது, அகஸ்தியர் கோயிலுக்குப் போய்வந்தாலே ஆயிற்று. என் கணக்கை இதோடு விட்டுவிடு.

நான் நடக்கிறேனா என்று நீ அங்கேயிருந்து பார்க்கத்தானே ஆப்பில் ரெண்டு பேரையும் சேர்த்துவிட்டாய்? உன்னுடையதும் எனக்கு வருகிறது அய்யா. அது உனக்கு ஞாபகம் இல்லை போல.

முன்பெல்லாம் சாயங்காலம் வரைக்கும் 2,000 தாண்டாது. நாற்காலியிலேயே கிடக்கிறானே என்று நான்தான் புலம்பினேன். இப்போது புதன்கிழமை பகல் 12 மணிக்குப் பார்த்தால் 9,000 நிற்கிறது. வியாழனும் அப்படித்தான். ராத்திரி 3 மணிக்குத்தான் தூக்கம் என்று காட்டுகிறது. ஷிப்ட் மாற்றிவிட்டார்களோ? வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்களோ? வெளிநாட்டுக்காரன் நேரத்துக்கு வேலை பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று கோமதி சொல்கிறாள். இருக்கலாம். நான் ஒன்றும் கேட்கவில்லை.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வேளைதான் சாப்பிடுகிறாய், மிச்சத்துக்கு அந்தப் புரதப் பொடியைக் கரைத்துக் குடிக்கிறாய் என்று தெரியும். அந்தப் பொடியும் பாலிலிருந்து பிரித்து எடுத்ததுதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு டப்பா விலைக்கு ஒரு மாசத்து முட்டையும் பயறும் வாங்கலாமே. ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனக் கணக்கில் உடம்பு எடை ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 72 கிலோவுக்கு 60 கிராம் ஆயிற்று. நீ தண்டால் எடுக்கிறவன், இன்னும் கொஞ்சம் கூட வைத்துக்கொள். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. 50 கிராம் பாசிப்பயறு ஊறவைத்து வேகவைத்தால் இன்னொரு 12. தயிர், கடலை, இட்லியில் இருக்கிற உளுந்து எல்லாவற்றையும் கூட்டிக்கொள். இதெல்லாம் நான் எங்கேயோ படித்துவிட்டுச் சொல்வதில்லை. 1989-ல் சத்துணவில் முதன்முதலாக முட்டை வந்தபோது ரெண்டு வாரத்துக்கு ஒன்று. அந்த ஒன்றைப் பிள்ளைகள் எப்படித் தின்றார்கள் என்று பார்த்தவள் நான். தட்டை நீட்டுகிற கையின் மணிக்கட்டைப் பார்த்தே, காலையில் வீட்டில் அடுப்பு எரிந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவேன். உன் போட்டோவில் வாட்ச் கட்டியிருக்கிற கையையும் பார்த்தேன். பட்டையை உள்ளே தள்ளி வேறு ஓட்டையில் மாட்டியிருக்கிறாய்.

தொலி உளுந்து ரெண்டு கிலோ வைத்திருக்கிறேன். உளுந்தஞ்சோறு பொங்கத் தெரியும்தானே? அரிசி ரெண்டு பங்கு, உளுந்து ஒரு பங்கு, வெந்தயம், உரித்த பூண்டு, தேங்காய்த் துருவல், குக்கரில் நாலு விசில். எள்ளுத் துவையலுக்குப் பொடி தனியாக வைத்திருக்கிறேன், தண்ணீர் விட்டுக் குழைத்தால் போதும். சோறு தின்றால் தொப்பை வந்துவிடும் என்று பயப்படாதே. அளந்து தின்னு, ஆனால் தின்னு. ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்காதே.

அப்புறம், வாட்ச் 600 கலோரி எரிந்துவிட்டது என்று சொன்னால் நம்பி இன்னும் ஒரு வேளையைக் குறைக்காதே. 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு வகை வாட்சைச் சோதித்தார்கள். நாடித் துடிப்பைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிய அதே வாட்சுகள் கலோரியில் கோட்டைவிட்டன. உள்ளதில் நல்லதே 27 சதவீதம் தப்பு. கைக்குக் கீழே பச்சை விளக்கு எரிகிறதே, அது ரத்த ஓட்டத்தைப் பார்க்குமே தவிர உன் வயிற்றைப் பார்க்காது.

தண்டாலும் பஸ்கியும் நாளைக்கு மூன்று தடவை என்கிறாய். உலக சுகாதார நிறுவனம் கேட்பதே வாரத்துக்கு 150-லிருந்து 300 நிமிஷம், தசைக்கென்று ரெண்டு நாள். நீ அதை ரெண்டு நாளில் முடித்துவிடுகிறாய். தசை வளர ஓய்வும் தூக்கமும் வேண்டும். 3 மணிக்குப் படுக்காதே. ராத்திரி வெறும் வயிற்றோடும் படுக்காதே.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், அப்பாவிடம் கேட்டுவிடாதே. நீ நாலாங்கிளாஸ் படித்தபோது அப்பா ரைஸ் மில்லில் கணக்கு எழுதினார் அல்லவா. ஒரு நாள் ஆள் குறைக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா வீட்டில் சொல்லவில்லை. மறுநாளும் எப்போதும் போல் 8 மணிக்குச் சட்டை போட்டு, தூக்குச்சட்டியோடு சைக்கிளில் கிளம்பினார். சாயங்காலம் நான் சட்டியைக் கழுவினால் அடி வளையத்தில் ஆற்று மணல் ஒட்டியிருக்கும். மில்லில் ஏது ஆற்று மணல்? காசிபநாதர் கோயில் படித்துறையில் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பதாகப் பூக்காரி சொன்னாள். உரக்கடையில் இடம் கிடைக்கிற வரைக்கும் அப்படித்தான் போய்வந்தார். நான் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் காலையில் கிளம்புவதற்கு அவருக்கு ஓர் இடம் இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது. மோரில் கொஞ்சம் கூட இஞ்சி தட்டிப் போட்டேன், சோற்றை இன்னொரு கரண்டி அமுக்கி வைத்தேன். அப்பாவுக்கு எனக்குத் தெரியும் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. தெரியுமோ என்னவோ.

ஆனால் அவர் ராத்திரி தூங்கினார். அவர் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தார், என் கண்ணுக்கு முன்னால் சாப்பிட்டார். நீ மேடவாக்கத்தில் இருக்கிறாய்.

வேறு செய்தி பெரிதாக இல்லை. நதியுண்ணிக் கால்வாயில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். கோமதி மகளுக்குச் சளி. மாடி ரூமில், உன் காசில் கட்டிய ரூமில், ஃபேன் மாற்றியாகிவிட்டது. நெட்டும் நன்றாக எடுக்கிறது, எதிர்வீட்டுப் பையன் கம்பெனி வேலை மொத்தத்தையும் வீட்டிலிருந்தே பார்க்கிறான். தண்டால் போட மொட்டை மாடி கிடக்கிறது. லீவு போடவேண்டியிருந்தால் போட்டுவிட்டு வா. லீவே போட வேண்டியதில்லை என்றாலும் வா. நீ ஏன் வந்தாய் என்று இங்கே யாரும் கேட்கப் போவதில்லை, அப்பா நிச்சயம் கேட்கமாட்டார்.

வாடகைக்கோ வேறெதற்கோ கை கடித்தால் கோமதியிடம் சொல். அவள் கல்யாணத்தில் நீ செய்ததை அவள் மறக்கவில்லை. என்னிடம் சொன்னாலும் சரி.

பார்சல் வெள்ளிக்கிழமை காலையில் வரும், போனை எடு. முறுக்கை ஒரே நாளில் தீர்க்காதே, பக்கத்து ரூம் பையனுக்கும் கொடு. சம்படம் ரெண்டும் கோமதியுடையது, கூரியரில் அனுப்பினால் நசுங்கிவிடும். நீயே கையில் கொண்டுவா.

அம்மா
அம்பாசமுத்திரம்