சேமிக்கவும் ஓர் இடம் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வெளிநாடுகளில் உழைப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணத்தை நுண்கடனுக்கு, அதாவது ஏழைகளுக்குத் தரும் சிறு கடனுக்கு, முதலாக்கினால் வறுமை குறையும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 14 வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்து மாதம் தவறாமல் பணம் அனுப்பியவன் நான். கட்டுரையின் நோக்கத்தோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் முக்கியமான ஒன்று அதில் விடுபட்டிருக்கிறது.

நான் அனுப்பும் பணத்தை, வந்த அன்றே போய் அம்மா மொத்தமாக எடுத்துவிடுவார். செலவு போக மிஞ்சியது டிரங்குப் பெட்டியில் பழைய துணிகளுக்கு அடியில் கிடக்கும். அதே சமயம் அடுத்த வீட்டு அக்கா, தையல் மிஷின் வாங்க ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனத்தில் கடன் எடுத்து, வாராவாரம் வட்டியும் முதலுமாகக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் பணம் சும்மா கிடந்தது. அந்தப் பக்கம் வட்டிக்கு வாங்கினார்கள். அம்மா ஒருநாள் அந்த நிறுவனத்துக்கே போய், "என் பணத்தை உங்களிடம் போட்டு வைக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். "நாங்கள் டெபாசிட் வாங்குவதில்லை அம்மா, வேண்டுமானால் கடன் தருகிறோம்" என்றார்களாம்.

பதில் சொன்ன ஊழியர்மேல் தப்பில்லை. வங்கி உரிமம் இல்லாத நுண்கடன் நிறுவனங்கள் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கப் பல நாடுகளில் சட்டம் இடம் தருவதில்லை. அதனால் அவை வங்கிகளிடமும் முதலீட்டாளர்களிடமும் கடன் வாங்கித்தான் கடன் கொடுக்கின்றன. அந்தச் செலவும் ஏழையின் வட்டியில்தான் ஏறுகிறது. கட்டுரை தொடாமல் விட்ட இடம் இதுதான்.

2023-இல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளுக்கு வெளிநாடுகளில் உழைப்பவர்கள் அனுப்பிய பணம் சுமார் 65,600 கோடி டாலர் என்பது உலக வங்கியின் மதிப்பீடு. இத்தனை பெரிய எண்ணைப் பார்த்ததும் எல்லாவற்றையும் திரட்டி ஒரு நிதியாக்கலாம் என்று திட்டம் போடுபவர்களுக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் இது ஆட்களின் சம்பளம். இதில் முக்கால் பங்கு சாப்பாடு, வைத்தியம், பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை என்று போய்விடுவதாக ஐ.நா.வின் வேளாண் மேம்பாட்டு நிதியமே சொல்கிறது. அந்தச் செலவும் வறுமையைக் குறைக்கவே செய்கிறது. ஒருவருக்குச் சராசரியாக வரும் இந்தப் பணம் 10 சதவீதம் கூடினால் ஏழைகளின் விகிதம் 3.5 சதவீதம் குறைகிறது என்று 71 வளரும் நாடுகளை ஆராய்ந்து ஆடம்ஸ், பேஜ் என்ற இரு ஆய்வாளர்கள் 2005-இல் எழுதினார்கள்.

பிறகு நுண்கடன் எதற்கு? வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடுகளுக்காக. ஒருவரை வெளிநாட்டுக்கு அனுப்பவே கையில் காசு வேண்டும். பரம ஏழைகளால் அது முடிவதில்லை. எங்கள் வீட்டு மிச்சம் அந்த அக்காவுக்குக் கடனாகப் போய்ச்சேர, நடுவில் நம்பிக்கையான ஒரு சேமிப்புக் கணக்கு இருந்திருந்தால் போதும். எதிர்காலத்தில் வரப்போகும் பணத்தைக் காட்டியே பெரிய வங்கிகள் முதல் திரட்டுகின்றன. ஜப்பானில் வேலை பார்த்த பிரேசில்காரர்கள் அனுப்பும் யென்னை ஈடாக வைத்து பாங்கோ டோ பிரேசில் என்ற வங்கி 2001-இல் 30 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட்டது. சிறு நிறுவனங்களுக்குத்தான் வழி அடைபட்டிருக்கிறது.

அனுப்புகிறவனுக்கும் அந்தக் கணக்கில் ஒரு பிடி வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் எல் சால்வடோர்காரர்களிடம் நடத்திய ஓர் ஆய்வில், சொந்த ஊர்க் கணக்கைத் தாங்களே கண்காணிக்க முடிந்தவர்களின் சேமிப்பு கூடியது. எனக்கு இது ஆச்சரியமில்லை. பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று 14 வருடமும் எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டால் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துக்கொள்வாரோ என்று கேட்டதே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என்னோடு அறையில் இருந்த ஒருவர் மாதாமாதம் பணம் அனுப்புவதைக் காரணம் காட்டி, ஊரில் அவர் தங்கைக்கு நுண்கடன் நிறுவனத்தார் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கடன்களைக் கொடுத்துவிட்டார்கள். வெளிநாட்டில் அவருக்கு ஓவர்டைம் நின்றது. தவணை நிற்கவில்லை. இரண்டு வருடம் அவர் விடுமுறைக்கே ஊர் போகவில்லை. கடன் கொடுப்பதாலேயே வறுமை ஒழிந்துவிடாது. ஆறு நாடுகளில் நடந்து 2015-இல் வெளியான சோதனைகளில் நுண்கடனின் பலன் மிதமானதாகவே தெரிந்தது. வெளியிலிருந்து வரும் பணத்தைச் சேமிப்பாக வாங்க முடியாத நிறுவனம், அதைக் கடனுக்கு ஜாமீனாக மட்டும் பார்ப்பது ஆபத்து.

ஆகவே கண்காணிப்புக்கு உட்படும் நிறுவனங்களுக்கு டெபாசிட் வாங்க அனுமதி வேண்டும். நிறுவனம் மூழ்கினாலும் சிறு சேமிப்பு திரும்பக் கிடைக்கக் காப்பீடு வேண்டும். பணம் வாங்கும் கவுன்ட்டரிலேயே கணக்கும் தொடங்க முடிய வேண்டும். அனுப்பும் செலவு இன்னும் சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. 2030-க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவதாக நாடுகள் ஐ.நா.வில் ஒப்புக்கொண்டதை நிறைவேற்றினாலே சேமிக்கக் கொஞ்சம் மிஞ்சும்.

டெபாசிட் அனுமதியை எந்த நிபந்தனைகளோடு தரலாம், அதைத் தந்த நாடுகளில் சேமித்தவர்களின் பணம் பத்திரமாக இருந்ததா என்பதைக் கட்டுரையாளர் அடுத்த இதழிலாவது விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாடு திரும்பிய ஒரு தொழிலாளி