காயத்தில் காப்பித்தூள் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெட்டுக்காயத்தில் காப்பித்தூளையோ மஞ்சள்தூளையோ சுண்ணாம்பையோ அப்பும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் நீங்கவில்லை. இவை கிருமித்தொற்றுக்கு வழிவகுப்பதோடு, பின்னர் மருத்துவர் காயத்தைச் சுத்தம் செய்து தையல் போடுவதையும் கடினமாக்கிவிடுகின்றன.

சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மீது வைத்து, உள்ளங்கையால் குறைந்தது 10 நிமிடங்கள் விடாமல் அழுத்திப் பிடிப்பதே முதன்மையான முதலுதவி. இரத்தம் நின்றுவிட்டதா என்று இடையிடையே துணியை எடுத்துப் பார்த்தால், உறையத் தொடங்கிய இரத்தம் கலைந்து மீண்டும் ஒழுகும். துணி நனைந்தால் அதை அகற்றாமல், மேலே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்த வேண்டும். கம்பியோ கண்ணாடித் துண்டோ ஆழமாகக் குத்தி நின்றால், எக்காரணம் கொண்டும் அதைப் பிடுங்கக் கூடாது. அதன் இருபுறமும் அழுத்தியபடியே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இரத்தம் பீறிட்டு வந்தால், ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கும்போதே மற்றவர் 108-ஐ அழைக்க வேண்டும்.

சாலை விபத்துகளில் வழக்குக்கு அஞ்சிப் பலர் ஒதுங்கி நிற்பது வேதனைக்குரியது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுவோருக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கிறது. பெயரையும் முகவரியையும் தெரிவிக்குமாறு அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. இதை மருத்துவமனை வாயில்களில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பதோடு, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டுப்போடும் பயிற்சியைச் செய்முறையாகவே அளிக்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருச்சி